ஓராள் குகை

மூன்றாவது மாடியில் குடியிருந்த லிஃப்ட் மெக்கானிக் தன் வீட்டு பீரோவை நகர்த்தியபோது, அதற்குப் பின்னால் சுவருக்குப் பதிலாக ஒரு குகை இருந்தது. கீழே விழுந்த சாவியை எடுக்கத்தான் அவர் பீரோவை நகர்த்தினார். சாவி கிடைத்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் குகையைப் பார்த்தபடி நின்றார். வேலைக்கு நேரமாகிவிட்டதால் கிளம்பிப் போனார். மாலையில் திரும்பி வந்தபோதும் அது அங்கேயே இருந்தது.

குகை என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். ஒரு ஆள் குனிந்து நுழைந்து, உள்ளே கால் மடக்கி உட்கார்ந்தால் சரியாக இருக்கும். இரண்டாவது ஆளுக்கு இடமில்லை. சுவரின் பூச்சு முடிகிற இடத்தில் கருங்கல் தொடங்கியது. யாரும் உளி வைத்து வெட்டிய கல் இல்லை. தண்ணீரும் காலமும் தின்று தின்று உண்டாக்கிய மலைக்கல். தொட்டால் சில்லென்று ஈரமாக இருந்தது. கூரையில் ஒரு விரிசலிலிருந்து நீர் சொட்டியது. வௌவால் வாடை அடித்தது. வௌவாலும் ஒன்று இருந்தது. அந்தச் சுவருக்கு மறுபுறம் தெரு. அதாவது தெருவுக்கு மேலே இருக்கும் வெறும் காற்று, எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணி, புறாக்கள். லிஃப்ட்காரர் எதிர்க் கட்டடத்து மொட்டை மாடியில் ஏறி நின்று தன் வீட்டுச் சுவரை வெளியிலிருந்து பார்த்தார். மழைநீர்க் குழாயும், காரை பெயர்ந்த திட்டுகளும் தெரிந்தன. குகை எங்கும் வெளியே புடைத்துக்கொண்டு நிற்கவில்லை. சரி என்று இறங்கி வந்துவிட்டார்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை, சொல்வதற்கு ஆளில்லை. ஊரில் பாதி லிஃப்டுகளை அவர்தான் பழுது பார்த்தார். அவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் அந்தத் தெருவில் இல்லை, அவரும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பார். அதற்கு மேல் அவருக்கும் தெருவுக்கும் பேச்சு இருந்ததில்லை. அவர் மனைவி சில வருடங்களுக்கு முன் ஒரு காலையில், சண்டை சச்சரவு எதுவும் இல்லாமல், காய்ந்த துணிகளை மடித்து வைத்துவிட்டுத் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். "சுவத்துகிட்ட பேசிப் பேசி வாய் வலிக்குதுங்க" என்றாள். அவர் பெட்டியைக் கீழே வரை தூக்கிக்கொண்டு போய் வைத்தார். பிறகு விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அவள் வேறொருவரைக் கட்டிக்கொண்டதாகக் கேள்விப்பட்டார். குகை வந்த பிறகு, வேலை முடிந்து வந்ததும் கைகால் கழுவிவிட்டு அதற்குள் போய் உட்காருவது அவருக்கு வழக்கமாயிற்று. உட்கார இதமாக இருந்தது. முதுகுக்குக் கல் பொருந்தியது.

விஷயம் வெளியே தெரிந்தது தண்ணீரால்தான். குகையில் சொட்டிய நீர் தரை வழியே இறங்கி, இரண்டாவது மாடிக்காரியின் கட்டிலுக்கு மேலே ஒழுகியது. அங்கே குடியிருந்தவள் ஒரு பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பவள். தோளில் ஒரு பெட்டி, அதற்குள் ஊசிகளும் கண்ணாடிக் குழாய்களும் பஞ்சும். விடியும்போதே கிளம்பிவிடுவாள், ஏனென்றால் ரத்தத்தை வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். தெருவே அவளை ஊசிக்காரம்மா என்றுதான் கூப்பிட்டது. கணவர் இறந்து வெகுநாள் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நனைந்த தலையணையைக் கையில் பிடித்துக்கொண்டே மேலே ஏறி வந்து கதவைத் தட்டினாள்.

"உங்க பாத்ரூம் ஒழுகுதுங்க. என் கட்டிலே நனைஞ்சு போச்சு."

"பாத்ரூம் இல்லீங்க, குகை."

"எது?"

"குகைங்க. வந்து பாருங்க."

அவள் தலையணையை அவர் கையில் கொடுத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கண்கள் நனைந்திருந்தன. கூரை நீராகவும் இருக்கலாம். "உள்ள சாமி இருக்கே, நீங்க பாக்கலியா?" என்றாள். குகையின் கடைக்கோடியில், விரிசலுக்கு நேர்கீழே, முழங்கால் உயரத்துக்கு வழவழவென்று ஒரு கல் நின்றிருந்தது. நீர் அதன் உச்சியில்தான் சொட்டியது. "கல்லுன்னு நெனச்சேன்" என்றார் அவர். "கல்லுதான். சாமியும்தான்" என்றாள். மறுநாள் திருநீறும் ஒரு மண்விளக்கும் கொண்டுவந்து வைத்து ஏற்றினாள். சொட்டுகிற நீரைப் பிடிக்கக் கல்லின் அடியில் ஒரு பித்தளைப் பாத்திரத்தையும் வைத்தாள். அவள் கட்டில் காய்ந்தது.

ரத்தம் கொடுக்கக் கை நீட்டியவர்களிடம் பேச்சுவாக்கில் அவள் சொல்ல, அவர்கள் பக்கத்து வீட்டில் சொல்ல, அந்த மாதத்துக்குள் படிக்கட்டில் வரிசை நின்றது. அது சிவன் என்றார்கள் சிலர், அம்மன் என்றார்கள் சிலர். மாடிப்படியில் நின்று வாதாடிக் கால் வலித்தபின் பொதுவாகச் சாமி என்று முடிவாயிற்று. பக்கத்துக் கோயில் பூசாரி முறைப்படி பூசையை ஏற்றுக்கொள்ள வந்தார். ஒல்லியான மனிதர். ஆனால் வாயிலில் தோள் மாட்டிக்கொண்டது. பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார், மூச்சை அடக்கிப் பார்த்தார், உள்ளே போக முடியவில்லை. அவருக்கு வீடு நிறையப் பிள்ளைகள், மாமனார், மாமியார், ஒரு விதவைத் தங்கை. அந்த விவரத்தை அன்று யாரும் கவனிக்கவில்லை. "சாமிக்கு யார் வேணுமோ அவங்களே செய்யட்டும். விளக்கு மட்டும் அணையாமப் பாத்துக்குங்க" என்று லிஃப்ட்காரரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்படித்தான் விளக்கு அவர் பொறுப்பாயிற்று. தினமும் வேலைக்குப் போகும் முன் உள்ளே போய்த் திரியைத் தூண்டி, எண்ணெய் விட்டு, வௌவாலைத் தொந்தரவு செய்யாமல் வெளியே வருவார்.

கட்டடத்துச் சொந்தக்காரரும் வந்தார். இத்தனை கருங்கல்லின் பாரத்தைத் தாங்காமல் கட்டடம் சரிந்துவிடும், சிமென்ட் போட்டு அடைத்துவிட வேண்டியதுதான் என்று கொத்தனாரையும் கூடவே அழைத்து வந்திருந்தார். ஆஜானுபாகுவான ஆள், அவர் ஏறும்போது படிக்கட்டு முனகும். குகையின் வாயைப் பார்த்து எல்லோரும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அவரோ அளவு பார்க்கக் குனிந்தவர், கதவில்லாத அறைக்குள் போவதுபோல் நேராக உள்ளே போய்விட்டார். கல் அவரை எங்கும் உரசவில்லை. கொத்தனார் காத்திருந்து காத்திருந்து சிமென்ட் மூட்டையின் மேலேயே தூங்கிப்போனார். பொழுது சாயும்போது வெளியே வந்த சொந்தக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இருக்கட்டும்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அதன்பின் குகையைப் பற்றி அவர் வாய் திறக்கவேயில்லை. வாரம் ஒருமுறை எல்லோரையும்போல் வரிசையில் நின்றார்.

குகையின் கணக்கு உடம்பின் கணக்கு இல்லை என்பது புரிய ஒரு வருடம் ஆயிற்று. தையல்காரரும் அவர் மனைவியும் வந்த நாளில்தான் அது புரிந்தது. தையல்காரர் குச்சி மாதிரி இருப்பார். அவருக்கு இடுப்பளவு எடுக்க நாடாவே தேவையில்லை, நூல் போதும் என்று கடையில் கேலி செய்வார்கள். அவர் வாயிலில் மாட்டிக்கொண்டார். சிரித்தபடி வெளியே வந்து, "நான் ரொம்பப் பெருத்துட்டேன் போல, நீ போய்ப் பாரு" என்றார். அவர் மனைவி கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்புக்காரி. அவள் உள்ளே போனாள். போனவளின் சேலைத் தலைப்புகூடக் கல்லில் படவில்லை. வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே நின்ற தையல்காரரின் சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்து அணைந்தது. அவர்கள் இறங்கிப் போனபோது முன்னும் பின்னுமாகப் போனார்கள். வரும்போது சேர்ந்து வந்தவர்கள்.

அன்று மாலை பாத்திரத்து நீரை மாற்ற வந்த ஊசிக்காரம்மா, அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"உள்ள போக முடியுறவங்க யாருன்னு யோசிச்சுப் பாத்தீங்களா? நான் அவங்க வீட்டுக்கெல்லாம் போறவ. ஒரு தட்டு, ஒரு டம்ளர் வெச்சிருக்கிறவங்க. இல்லேன்னா, வீடு நெறைய ஆளிருந்தும் சுவரைப் பாத்து உக்காந்திருக்கிறவங்க. துணை இருக்கிறவங்களுக்கு அங்க இடமில்லீங்க."

லிஃப்ட்காரர் "அப்போ நீங்க..." என்று ஆரம்பித்தார்.

"ஆமா. நீங்களும்தானே" என்றாள் அவள்.

அவரைப் பற்றி ஒருவர் அவ்வளவு சரியாகச் சொன்னது அதுவே முதல் தடவை. அவருக்கு வருத்தமாக இல்லை. உட்காருங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, டீ வைக்கப் போனார். வீட்டில் ஒரு டம்ளர்தான் இருந்தது. அவள் கீழே போய்த் தன் டம்ளரை எடுத்து வந்தாள்.

ரகசியம் படிக்கட்டில் இறங்கித் தெருவுக்குப் போனதும் கூட்டத்தின் குணம் மாறிவிட்டது. சுலபமாக உள்ளே போவது மானக்கேடு என்றாயிற்று. கோடைக் காலத்தில் சிலர் இரண்டு சட்டை, ஒரு கம்பளிச் சட்டை, அதன்மேல் ஒரு கோட்டு என்று மாட்டிக்கொண்டு வந்து வாயிலில் வலிய முட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு வந்தார், அப்படியும் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மனைவியைச் சோதிக்கக் கணவர்கள் கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். பிள்ளைகள் முன்னால் தாய்மார்கள் உள்ளே போக மறுத்து அழுதார்கள். ஒரு நிச்சயதார்த்தம் மாடிப்படியிலேயே முறிந்தது. லிஃப்ட்காரர் ஒரு வாரம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் படுக்கை விரிப்பை எடுத்து, குகைக்கு முன்னால் ஒரு ஆள் நிற்கும்படி இடம் விட்டு, திரையாகக் கட்டினார். உள்ளே போக முடிந்தாலும் முடியாவிட்டாலும் எல்லோரும் ஒரே அளவு நேரம் திரைக்குப் பின்னால் இருந்துவிட்டுத்தான் வர வேண்டும். யார் கூட வந்தாலும் திரைக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டும். வெளியே வந்தவரிடம் எதுவும் கேட்கக்கூடாது. அவர் போட்ட சட்டம் அவ்வளவுதான். யாரும் எதிர்க்கவில்லை. கம்பளிச் சட்டைகள் பெட்டிக்குத் திரும்பின.

அவர் முன்னாள் மனைவியும் ஒருநாள் வந்தாள். வரிசையில் அவளைக் கண்டதும் அவர் திரையின் நாடாவைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டார். அவள் உள்ளே போனாள். உரிய நேரம் கழித்துத் திரைக்குப் பின்னாலிருந்து வந்தாள். சட்டப்படி அவர் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவள் ரவிக்கையின் இரண்டு தோளிலும் ஈரக்கல்லின் கறுப்பு ஒட்டியிருந்தது. "இளைச்சுட்டீங்களே, வேளைக்குச் சாப்பிடுங்க" என்றாள் பிரியமாக. பிறகு இறங்கிப் போனாள். கீழே ஸ்கூட்டரோடு ஒருவர் காத்திருந்தார். அன்று கூட்டம் கலைந்தபின் லிஃப்ட்காரர் குகைக்குள் போனபோது அது பெரிதாகியிருந்தது. கால் நீட்டிப் படுக்கும் அளவுக்கு இடம் இருந்தது. படுத்தார். கூரை கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. சொட்டு கல்லில் விழுகிற ஓசை எங்கோ தொலைவில் கேட்டது. வௌவால் எங்கே என்று தேடினார், கண்ணில் படவில்லை.

அதற்குப் பிந்திய மாதங்களில்தான் அவருக்குப் பேச்சு வந்தது. காலையில் சுற்று முடிந்து திரும்பும் ஊசிக்காரம்மா பெட்டியை அவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு உட்காருவாள். அவருக்கு மத்தியான வேலையாக இருந்தால் வீட்டில் இருப்பார். ஐம்பது வயதுவரை அவருக்குள் தேங்கிக் கிடந்ததெல்லாம் கொட்டியது. கம்பி எப்படித் தேயும், எதிர்ப்பாரம் என்றால் என்ன, எந்தக் கட்டடத்து லிஃப்ட் மழை நாளில் மட்டும் மக்கர் பண்ணும், தன் அப்பா எப்படி நடப்பார், சின்ன வயதில் எந்த நாய் கடித்தது என்று எல்லாவற்றையும் சொன்னார். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். ஒருநாள் அவர் பதிவு அலுவலகத்து லிஃப்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர், அங்கேயே போய்க் கல்யாணத்தைப் பதிந்துகொண்டால் என்ன என்று கேட்டார். அவள் கொஞ்ச நேரம் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேல இருந்தா, பாத்திரம் வழிஞ்சா ஒழுகுற தொல்லையும் இல்ல" என்றாள். கையெழுத்து முடிந்ததும், ஒரு தகரப் பெட்டியோடு இரண்டாவது மாடியிலிருந்து மூன்றாவது மாடிக்கு வந்தாள்.

குகை அவருக்குச் சிறிதாகத் தொடங்கியது. முதலில் ஒரு சட்டைப் பொத்தான் கல்லில் உரசித் தெறித்தது. பிறகு உட்கார்ந்தால் தலை இடித்தது. பிறகு மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைய முடிந்தது. அவர் வெளியே சொல்லவில்லை. ஆனால் முட்டிய முழங்கையைத் தடவிவிட்டுக்கொள்ளும்போதெல்லாம் அவருக்கு ஒரு ரகசியச் சந்தோஷம் இருந்தது. வேலையிடத்தில் விசிலடிக்க ஆரம்பித்தார். கடைசியில் ஒரு காலை, எண்ணெய்க் கிண்ணத்தோடு குனிந்தவருக்கு இரண்டு தோளும் மாட்டிக்கொண்டன. எப்படித் திரும்பியும் பயனில்லை. உள்ளே விளக்கு அணைந்திருந்தது.

"இங்க வாயேன்! எனக்கு இடமில்ல! சாமி என்னை வெளிய தள்ளிடுச்சு!" என்று சிரித்துக்கொண்டே கூப்பிட்டார்.

இனி விளக்கேற்ற நீளமாக ஒரு கம்பி வளைத்துக்கொள்ள வேண்டும், நுனியில் ஒரு கொக்கி வைக்கலாம் என்று அவர் மனசு அதற்குள் கணக்குப் போட்டுவிட்டது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். குனிந்தாள். உள்ளே போய்விட்டாள். போனவளின் தோளுக்கும் கல்லுக்கும் நடுவே இன்னொரு ஆள் போகலாம் போல இருந்தது.

தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. "திரி தீஞ்சிருக்கு. வேற குடுங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அவர் திரியைப் பிடித்துக் கையை நீட்டினார். முழங்கைக்கு மேல் கை போகவில்லை. அவள்தான் எழுந்து வந்து வாங்கிக்கொண்டு, திரும்ப உள்ளே போனாள். வெளிச்சம் வந்தது. வெளியே வந்ததும் அவர் முகத்தைப் பார்க்காமல், "டீ ஆறிடும்" என்றாள்.

அன்றிலிருந்து விளக்கு அவள் பொறுப்பு. லிஃப்ட்காரரின் பேச்சு நின்றுவிட்டது. அந்த வருடம் முழுக்க அவருக்குத் தெரிந்ததெல்லாம் கோபம்தான். வேலைக்கு நடுவே லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்துகொண்டு, இருட்டுப் பள்ளத்தில் கம்பிகளைப் பார்த்தபடி, அவளுக்குத் தான் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். ஒரு குறையும் தட்டுப்படவில்லை. குறை இல்லாததால் கோபம் அதிகமாயிற்று. தையல்காரர் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருநாள், மழை பெய்துகொண்டிருந்த மத்தியானம், சாப்பிட்ட தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டேவிட்டார்.

"நான் உனக்கு என்ன குறை வெச்சேன்?"

"குறை ஒண்ணுமில்லீங்க."

"அப்புறம் ஏன் நீ மட்டும் உள்ள போற? இந்த வீட்டுல ரெண்டு பேரு இருக்கோம். நான் இங்க உன்கூட இருக்கேன். நீ யார்கூட இருக்க?"

அவள் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அடுக்கி முடித்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க பேசுவீங்க, நான் கேப்பேன். எனக்கு அது புடிக்கும். பொய் சொல்லல. ஆனா என்னை யாரும் ஒண்ணும் கேட்டதில்ல. காலையில கதவைத் தட்டுறேன், தொறக்குறாங்க, கையை நீட்டுறாங்க. ஊசி எடுத்ததும் மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க. இருபது வருஷமா ஊர்ல எல்லாரோட கன்னத்தையும் காதையும்தான் பாத்திருக்கேன். சரி, அது அவங்க பயம். வீட்டுக்கு வந்தா..." என்றவள் அங்கேயே நிறுத்திக்கொண்டாள். "விடுங்க. அதைச் சொன்னா உங்களுக்கு வருத்தமா இருக்கும்."

அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் முதல் மனைவி போனபோது பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கீழே வைத்த ஆள், இந்தத் தடவை எழுந்து போகவில்லை. மறுநாளிலிருந்து கேட்க ஆரம்பித்தார். மோசமாகத்தான் கேட்டார். இன்னிக்கு எந்தத் தெரு, சத்தம் எதுவும் வந்துச்சா, எல்லாம் ஒழுங்கா ஓடுதா என்று லிஃப்டைக் கேட்பதுபோலவே கேட்டார். வாடிக்கையாளர்களுக்குச் சொல்வதுபோல அவளும் "ஒண்ணும் பிரச்சினையில்ல" என்று பதில் சொன்னாள். அவளுக்கு ஒரு தங்கை இருந்ததும், அந்தச் சிறுமி பள்ளிக்கூடம் போகும் வயதில் காய்ச்சலில் இறந்துபோனதும், அந்தத் தங்கையின் கையில் நரம்பு கிடைக்காமல் யாரோ குத்திக் குத்திப் பார்த்ததை இவள் கதவோரம் நின்று பார்த்ததும் அவருக்குத் தெரிய வந்தபோது கல்யாணமாகி ஆறேழு வருடம் ஓடியிருந்தது. அவர் கேட்டதால் வந்த பதில் அல்ல அது. ரசத்தில் உப்பு போட்டாயா என்று கேட்டதற்கு நடுவே தானாக வந்தது. அவர் கரண்டியைப் பிடித்தபடி நின்றார். அடுப்பில் ரசம் கொதித்துப் பொங்கி வழிந்தது. இருவரும் அதை அணைக்கவில்லை. மறுநாள் காலையும் அவள் குகைக்குள் சுலபமாகத்தான் போனாள்.

இன்னொரு காலை, அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக் காரணம் கேட்டார். சர்க்கரை பார்க்க வேண்டும் என்றாள். அப்போது அவருக்கு அது தோன்றியது.

"உனக்கு யார் ரத்தம் எடுப்பாங்க?"

அவள் ஊசியின் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "நானேதான். இடது கையில எடுத்துக்குவேன். நரம்பு எழும்ப ரப்பர் பட்டையை வாயால இழுத்துக் கட்டிக்குவேன்."

"இத்தனை வருஷமாவா?"

"வேற யாரு இருக்கா?"

அவர் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தார். பட்டையை வாங்கி அவள் கையில் கட்டினார். முதலில் ரொம்ப இறுக்கிவிட்டார், அவள் சொன்னதும் தளர்த்தினார். அவளது முழங்கையைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டார். ரத்தம் என்றால் அவருக்கு ஆகாது. சின்ன வயதில் நாய் கடித்த நாளிலிருந்தே தலை சுற்றும். "மயக்கம் வந்துரும், அந்தப் பக்கம் திரும்பிக்குங்க" என்றாள். அவர் திரும்பிக்கொள்ளவில்லை. ஊசி இறங்குவதையும் குழாயில் ரத்தம் ஏறுவதையும் பார்த்தார், பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். அவளும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழாய் நிறைந்து கொஞ்ச நேரம் ஆகியும் அவள் ஊசியை எடுக்க மறந்திருந்தாள். அதன்பின் அவர் மயங்கி விழுந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பியபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இதனால் குகை உடனே சிறிதாகிவிடவில்லை. அது அதன் வேகத்தில்தான் எதையும் செய்தது. லிஃப்ட்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். தையல்காரர் கடையை மூடிவிட்டு மனைவியோடு வேறு ஊருக்குப் போனார்; போவதற்கு முன் வந்து இருவரும் ஒருவர்பின் ஒருவராகத் திரைக்குப் பின்னால் போய் வந்தார்கள், யாரும் எதுவும் கேட்கவில்லை. கட்டடத்துச் சொந்தக்காரர் ஒரு வாரம் வரிசைக்கு வரவில்லை. விசாரிக்கப் போனவர்கள் அவர் இறந்து இரண்டு நாள் ஆகியிருந்ததைக் கண்டார்கள். ஊசிக்காரம்மா சுற்றுக்குப் போவதை நிறுத்தி, மாலையில் பெட்டியில்லாமல் நடக்கப் பழகினாள். அவரும் கூட நடந்தார். இரண்டு பேரும் மாறி மாறிப் பேசினார்கள். சில நாள் ஒருவருமே பேசவில்லை. ஒவ்வொரு காலையும் அவள் எண்ணெய்க் கிண்ணத்தோடு குனிந்து உள்ளே போவாள். அவர் திரைக்கு வெளியே, கல்லில் எதுவும் உரசாத அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டு நிற்பார். அதைப் பற்றி அவர் மறுபடி கேட்கவில்லை. அவளுக்குள் தான் போய்ச் சேர முடியாத ஓர் இடம் உண்டு, அதில் விளக்கு எரிகிறது, அது போதும் என்று பழகிக்கொண்டிருந்தார்.

அவர் முடி முழுக்க நரைத்தபின் ஒரு காலையில் திரைக்குப் பின்னாலிருந்து "ஆ" என்று சத்தம் கேட்டது. அவள் வலது தோளைத் தடவிக்கொண்டே வந்தாள். தோல் லேசாகச் சிராய்த்து, ரவிக்கையில் கல்லின் கறுப்பு ஒட்டியிருந்தது. "வழுக்கிடுச்சு போல" என்றாள். அவர் "ம்" என்றார். அலமாரியிலிருந்து பஞ்சையும் மருந்தையும் எடுத்து வந்து, நாற்காலியில் உட்காரவைத்து, ஊதி ஊதித் துடைத்தார். காயம் ஒரு நகக்கீறல் அளவுதான். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் போதும் என்று சொல்லவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் அவளாலும் விளக்கை எட்ட முடியாமல் போயிற்று. லிஃப்ட்காரர் கம்பி எதுவும் வளைக்கவில்லை. காலையில் கதவைத் திறந்ததும், இருவரும் வரிசையில் முதலில் நிற்பவர் கையில் எண்ணெய்க் கிண்ணத்தையும் தீப்பெட்டியையும் கொடுத்துவிடுவார்கள். அவருக்கு எட்டினால் ஏற்றுவார், எட்டாவிட்டால் அடுத்தவரிடம் கொடுப்பார். யார் ஏற்றியது என்று யாரும் கேட்பதில்லை. சில நாள் முதல் ஆளிடமே திரி எரிகிற வாசனை வந்துவிடும். சில நாள் தீப்பெட்டி நாலைந்து கை மாறும். ஏற்ற ஆள் கிடைக்காத நாள் என்று இதுவரை ஒன்று வந்ததில்லை.